மயில்துத்தம் படாத இலை

குமுளியில் தமிழ்நாடு முடிகிற இடத்தில்
ஒரு செருப்புக்கடை இருக்கிறது.
அதைத் தாண்டிப் பத்தடி வைத்தால்
பலகை எழுத்தெல்லாம் வளைந்துகொள்ளும்,
டீ சாயாவாகிவிடும்.

ஏலக்காய்க் கடைத் தராசுகளைச்
சரிபார்ப்பது என் வேலை.
அன்றைக்குப் பதினோரு கடை.
வெறும் தட்டில் சைபர் காட்டியது
ஒன்றுகூட இல்லை.

பிறகு பசி.
தனியாக வந்த பெண்
தனியாக உட்கார மேஜை தேடும்போது
அது இன்னும் கொஞ்சம் எடை கூடும்.

மாடியில் நாலே மேஜை.
மூன்று மொழியில் எழுதியிருந்தது:
ருமேனியச் சாப்பாடு.
டோமிச்சன், க்ளூஜ் என்ற ஊரில்
ஐந்து வருஷம் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்.
பனியில் படித்ததை
மழையில் விற்கிறார்.

முதலில் சோர்பா.
அங்கே தவிட்டைப் புளிக்கவைத்த தண்ணீர் ஊற்றுவார்களாம்.
இங்கே குடம்புளி.
"அந்த ஊர்க்காரங்க கண்டுபிடிக்கலையா?"
"கண்டுபிடிச்சாங்க.
ரெண்டாவது கிண்ணம் கேட்டாங்க."

தட்டை வைக்கும்போது
பொஃப்தெ புனெ என்றார்.
நல்லாப் பசிக்கட்டும் என்று அர்த்தமாம்.
யோசித்துப் பார்த்தேன்.
சாப்பிடுவதற்கு முன் சொல்ல
நம்மிடம் ஒன்றுமில்லை.
முடிந்தபிறகுதான் விசாரணை:
சாப்டாச்சா?

மாமாலிகா என்பது மஞ்சளாக ஒரு களி.
மக்காச்சோளம்!
எங்கள் பக்கம் லாரி லாரியாகப்
பல்லடத்துக்குப் போகும், கோழிக்கு.
இன்றைக்குக் கோழியை நடுவில் விடாமல்
நேராக நானே தின்கிறேன்.
கேப்பைக் களிக்குக் குழிப்பதுபோலவே
நடுவில் ஒரு குழி.
குழம்புக்குப் பதில்
புளித்த பாலேடு நிற்கிறது.

முதுகுப்பையோடு ஒரு ஜோடி ஏறிவந்தது.
பலகையைப் படித்தது, சிரித்தது,
கீழ்க்கடைப் பொரோட்டாவுக்கு இறங்கிப்போனது.
"அவங்க ருமேனியாதான்" என்றார் டோமிச்சன்,
வருத்தமே இல்லாமல்.
"வீட்டுச் சாப்பாட்டுக்கு
யாராவது இவ்வளவு தூரம் வருவாங்களா?"

கடைசியில் சர்மாலே.
விரல் தடிமனில் ஆறு சுருட்டல்.
முட்டைக்கோஸில் சுற்றுவது உண்டு,
இன்று வேறு இலை என்றார்.
உள்ளே அரிசி, பன்றிக் கொத்துக்கறி,
சதகுப்பை.
பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்
எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து வெளிவரும் சதகுப்பை
இங்கே ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது.

ஆனால் அந்த இலை.
பல்லில் பட்டதும் ஒரு இளம்புளிப்பு.
கொடியை ஒடிக்கும்போது விரலில் ஒட்டுகிற
அதே வாடை.
"திராட்சை இலையா? எங்க வாங்குறீங்க?"
டோமிச்சனின் கை
மலைக்குக் கீழே காட்டியது. "கம்பம்."

எனக்குச் சுருளிப்பட்டி.
பந்தலுக்கு அடியிலேயே வளர்ந்தும்
அந்த இலையின் ருசி
ஆட்டைக் கேட்டால்தான் தெரியும்.

"மருந்து அடிச்ச இலையா?" என்றேன்.
அவர் விழித்தார்.
மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பதை,
இலையில் படிகிற நீலத்தை
விரலால் மேஜையில் தடவிக் காட்டினேன்.
அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.
நான் நாலாவதைக் கீழே வைக்கவில்லை.
நன்றாகக் கழுவியிருந்தார்,
அல்லது அப்படி நம்பச் சொன்னது நாக்கு.

அங்கிருந்தே சென்றாயனுக்கு போன் போட்டேன்.
கவாத்து முடிந்து தளிர் விட்டதும்
ஒரே ஒரு வரிசை,
மருந்து படாமல் விட முடியுமா?
"இலைக்கு விலையா?" என்று சிரித்தான் தம்பி.
"எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு."

மிச்சமிருந்த பச்சை இலைகளில்
நூறை எண்ணினோம்.
என் பையிலிருந்த சின்னத் தராசை எடுத்தேன்.
அன்றைக்கு ஒழுங்காக இருந்தது
அது ஒன்றுதான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
டோமிச்சன் ஒரு தொகை சொன்னார்,
நான் இன்னொன்று சொன்னேன்,
காப்பி வந்தது.

லோயர்கேம்ப் இறக்கத்தில்
மூன்றாவது வளைவில்
புளிப்பாக ஒரு ஏப்பம்.
ராட்சசக் குழாய்களில் தண்ணீர்
எனக்கு முன்னால் கீழே போய்க்கொண்டிருந்தது.
போன் அடித்தது.
சென்றாயன்:

"எல்லாம் சரிக்கா.
ஆட்டுக்கு என்னத்தப் போடுறது?"